வாடகை வீட்டுச் சாதனங்களின் பழுதும் பொறுப்பும்: கோட்டையூரை முன்வைத்து ஓர் ஆய்வு

வாடகை வீட்டில் வீட்டுக்காரர் பொருத்திக் கொடுத்த தண்ணீர் மோட்டார், வாட்டர் ஹீட்டர், குளிர்சாதனப் பெட்டி போன்றவற்றில் ஒன்று பழுதானால் அதைச் சரிசெய்யும் செலவு யாரைச் சேரும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. பொருள் யாருடையதோ செலவும் அவருடையதே என்பது குடியிருப்பவர் பக்கத்து விடை. அனுபவிப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுக்காரர் பக்கத்து விடை. இரண்டிலும் நியாயத்தின் ஒரு பகுதி இருக்கிறதெனினும், நடப்பிலுள்ள சட்டம் இவற்றில் எதையும் முழுமையாக ஏற்கவில்லை. சில பழுதுகளை வீட்டுக்காரர் மீதும், பொதுவாக நினைக்கப்படுவதைவிட அதிகமான பழுதுகளைக் குடியிருப்பவர் மீதும் சுமத்திவிட்டு, விலை மிகுந்த சில சாதனங்களைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுகிறது. இக்கட்டுரை அச்சட்டத்தின் அமைப்பையும், அதற்கு முன்னிருந்த சட்டங்களையும், சட்டம் பேசாத இடங்களில் எந்த நெறியைக் கொண்டு முடிவு காண்பது என்பதையும் சிவகங்கை மாவட்டத்துக் கோட்டையூரின் சூழலில் வைத்து ஆராய்கிறது.

கோட்டையூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காரைக்குடியை ஒட்டிய இவ்வூர் செட்டிநாட்டு நகரத்தார் ஊர்களுள் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909இல் பிறந்த ஊர். அவருடைய கொடையால் காரைக்குடியில் எழுந்த கல்லூரிகளும், 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமும், 1985இல் அமைந்த அழகப்பா பல்கலைக்கழகமும் வெளியூர் ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும் மாணவர்களையும் இப்பகுதிக்குக் கொண்டுவந்து, வாடகை வீட்டுக்கான தேவையை ஓயாமல் வைத்திருக்கின்றன. மறுபுறம், முகப்பும் வளவும் இரண்டாங்கட்டுமாக நீளும் பழைய வீடுகளின் உரிமை பங்காளிகளுக்குள் பல பங்குகளாகப் பிரிந்திருப்பதும், அப்பங்காளிகள் சென்னையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ வாழ்வதும், ஊரிலுள்ள ஓர் உறவினரோ காவல்காரரோ சாவியை வைத்திருப்பதும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. ஆகவே மோட்டார் ஓடாத காலையில் செலவு யாருடையது என்ற கேள்விக்கு முன்பே, யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வி எழுகிறது. வீட்டுக்காரர் மாடியில் குடியிருந்து கீழ்த்தளத்தை வாடகைக்கு விடும் நகரங்களில் இந்த முதற்கேள்வி இவ்வளவு கூர்மையாக எழுவதில்லை.

வாடகை உறவைப் பற்றிய பழைய சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆவது பிரிவு வீட்டைப் பழுது பார்த்துக் கொடுக்கும் பொதுக்கடமை எதையும் வீட்டுக்காரர்மேல் வைக்கவில்லை. வெளியில் தெரியாத முக்கியக் குறைகளை அவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும், அவர் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை அறிவிப்புக் கொடுத்த பின்னும் தகுந்த காலத்தில் செய்யாவிட்டால் குடியிருப்பவர் தாமே செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. குடியிருப்பவரோ, நியாயமான தேய்மானமும் தடுக்க முடியாத விசையால் நேரும் மாற்றமும் நீங்கலாக, எந்த நிலையில் வீட்டைப் பெற்றாரோ அந்த நிலையில் வைத்திருந்து திருப்பித் தர வேண்டும். கவனிக்கத்தக்கது அப்பிரிவின் முதல் வரியிலேயே உள்ள வரம்பு: ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ வேறுவிதமாக இல்லாதபோதுதான் இக்கடமைகள் பொருந்தும். ஆக, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வழக்கத்துக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வழக்கம் என்று ஒன்றைச் சொல்பவர் அதை மெய்ப்பிக்கவும் வேண்டும். சின்னச் செலவு குடியிருப்பவருக்கு, பெரிய செலவு வீட்டுக்காரருக்கு என்ற பேச்சு எல்லா ஊர்களிலும் இருக்கிறது. சின்னது எந்தத் தொகையில் முடிந்து பெரியது எந்தத் தொகையில் தொடங்குகிறது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவது அரிது என்பதால், அந்தப் பேச்சு வழக்கென்று நிறுவத்தக்க அளவுக்கு உறுதிப்படவில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து வீட்டுத் தட்டுப்பாட்டிலிருந்து தொடங்கிய வாடகைக் கட்டுப்பாட்டு ஆணைகளின் வழியில் வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஏறத்தாழ 60 ஆண்டுகள் தமிழ்நாட்டில் நடப்பில் இருந்தது. அதில் இங்குப் பொருந்துவன மூன்று செய்திகள். கட்டடம் என்ற சொல்லுக்கு அச்சட்டம் தந்த வரையறையில், வீட்டுக்காரர் பயன்பாட்டுக்கென்று கொடுத்த அறைகலன்களும் அடங்கின. குடியிருப்பவர் அனுபவித்துவரும் வசதிகளை வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது என்ற தடை இருந்தது. தேவையான பழுதுபார்ப்பை வீட்டுக்காரர் செய்யத் தவறினால், வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனுச்செய்து, அவருடைய அனுமதியின் பேரில் குடியிருப்பவர் தாமே செய்து வாடகையில் ஈடுகட்டலாம் என்ற வழியும் இருந்தது. அனுமதி முதலில், செலவு பிறகு என்ற இந்த வரிசை, ஒழுகும் கூரைக்கு ஒருவாறு பொருந்தியிருக்கலாம். தண்ணீர் ஏறாத மேல்தொட்டிக்குப் பொருந்தாது. ஒரு மனு விசாரணைக்கு வரும்வரை குடும்பம் தண்ணீரின்றி இருக்க முடியாது.

இச்சட்டத்தை நீக்கிவிட்டு வந்ததுதான் நில உரிமையாளர்கள், குத்தகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒன்றிய அரசு 2015இல் வெளியிட்ட மாதிரி வரைவைப் பெரிதும் பின்பற்றியது இது; அந்த வரைவு திருத்தம் பெற்று ஒன்றிய அமைச்சரவையின் ஒப்புதலை அடைந்ததோ 2021இல்தான். வாடகையை அரசு வரையறுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, இருதரப்பும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தையே இச்சட்டம் அடிப்படையாகக் கொள்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அது பதிவாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. பழுதைப் பற்றிப் பேசும் 15ஆவது பிரிவு, இயல்பான தேய்மானம் நீங்கலாகத் தொடக்கத்தில் இருந்த நல்ல நிலையிலேயே வீட்டை வைத்திருக்க இருவரையும் கடமைப்படுத்தி, யார் எதைச் செய்வது என்பதை இரண்டாம் அட்டவணைக்கோ ஒப்பந்தத்துக்கோ விட்டுவிடுகிறது.

அந்த அட்டவணைதான் இந்த ஆய்வின் நடுப்பொருள். அதன் முதற்பகுதி வீட்டுக்காரருக்குரியது. நான்கே வகைகள்தாம் அதில் உள்ளன. குடியிருப்பவரால் நேர்ந்த சேதம் நீங்கலான கட்டுமானப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு சன்னலுக்கு வண்ணம் பூசுவதும், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, தேவைப்படும்போது உள்ளும் புறமுமான மின்கம்பி வேலை ஆகியவை அவை. இரண்டாம் பகுதி குடியிருப்பவருக்குரியது, அது நீண்டது. குழாயின் வாஷரும் குழாயும், சாக்கடை அடைப்பு, கழிப்பறைக் கோப்பை, கைகழுவும் தொட்டி, வாட்டர் ஹீட்டர், மின்சுற்றுத் துண்டிப்பான், சுவிட்சும் பிளக் பாயிண்ட்டும், சமையலறைப் பொருத்துகள், கதவு அலமாரிகளின் பூட்டு, கொசுவலைச் சட்டம், சன்னல் கண்ணாடி என்பவற்றோடு, பெரிய வயரிங் மாற்றங்கள் தவிர்ந்த மின்சாதனங்களின் பழுதுபார்ப்பும் மாற்றமும் அதில் வருகின்றன. வீட்டுக்காரர் மாட்டிக் கொடுத்த வாட்டர் ஹீட்டரைக் குடியிருப்பவர் பழுது பார்க்க வேண்டும் என்பதைப் படித்து வியப்படையாத குடியிருப்பவர் குறைவாகவே இருப்பார். ஊர்ப் பேச்சில் வீட்டுக்காரர் தலையில் விழும் செலவு, சட்டத்தின் அட்டவணையில் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வது சரியாகாது என்பதற்கு வாட்டர் ஹீட்டரின் உள்ளமைப்பே சான்று. அதனுள் தண்ணீர்த் தொட்டியும், சூடேற்றும் காயிலும், குறித்த வெப்பத்தில் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும், அழுத்தம் மிகுந்தால் திறக்கும் வால்வும், பல வகைகளில் ஒரு மெக்னீசியக் கோலும் இருக்கின்றன. தொட்டியின் இரும்புக்கு வர வேண்டிய அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு தான் கரைந்துபோவதற்கென்றே அக்கோல் வைக்கப்படுகிறது. ஓர் உலோகத்தை இழந்து மற்றொன்றைக் காக்கும் இம்முறை, கோட்டையூருக்கு அருகிலுள்ள மின்வேதியியல் ஆய்வகம் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் அரிப்புத் தடுப்புத் துறையைச் சேர்ந்தது. காயிலில் உப்புப் படிந்து எரிவதும் தெர்மோஸ்டாட் போவதும் பயன்பாட்டில் வரும் பழுதுகள். அவற்றை மாற்றும் செலவும் மிதமானது. தொட்டியே அரித்து ஒழுகுவது வேறு. பல ஆண்டுகள் கோலை மாற்றாமல் விட்டதன் முடிவு அது. அதற்குப் பழுதுபார்ப்பு என்று ஒன்று இல்லை, புதிது வாங்குவதுதான். சென்ற ஆண்டு குடிவந்தவர், அவருக்கு முன் மூன்று குடும்பங்கள் பயன்படுத்திய தொட்டியின் முடிவுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதை எந்த நியாயமும் தாங்காது.

சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே இதற்கு ஆதாரம் உண்டு. வாட்டர் ஹீட்டரைக் குறித்து அட்டவணை பழுதுபார்ப்பு என்று மட்டுமே சொல்கிறது, மாற்றம் என்று சொல்லவில்லை. மின்சாதனங்கள் என்ற பொது வரியில் மாற்றமும் சேர்ந்தே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அவ்வரி சுவிட்ச், பிளக் பாயிண்ட், துண்டிப்பான் ஆகியவற்றை அடுத்து நிற்பதால், அவற்றோடு ஒத்த சிறு பொருள்களையே அது கருதுகிறது என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. ஒரு பட்டியலின் பொதுச்சொல்லை அதன் அண்டைச் சொற்களின் இனத்தோடு வைத்துப் படிப்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டவணைக்கு வழிவிடும் 15ஆவது பிரிவே இயல்பான தேய்மானத்தை விலக்கி வைத்திருக்கிறது. ஆயுள் முடிந்து ஒரு சாதனம் நின்றுபோவதைவிட இயல்பான தேய்மானம் வேறென்ன இருக்க முடியும்? மறுபக்க வாதமும் வலுவற்றதல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றம் என்ற சொல் அச்சில் இருக்கிறது, அதைக் காட்டி வாதிடும் வீட்டுக்காரரைச் சட்டம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. அட்டவணை இந்த இடத்தில் திருத்தப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

வயரிங்கும் சாதனமும் சந்திக்கும் இடம் இன்னும் சிக்கலானது. செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் என்று மரச்சட்டத்தின் மேல் இழுத்த மெல்லிய கம்பிகளோடு, பின்னர் பலரும் பல காலத்தில் சேர்த்த இணைப்புகள் கலந்திருக்கும். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டும் தடித்த கம்பியும் வேண்டும். விளக்குக்கென்று போட்ட 6 ஆம்பியர் பாயிண்ட்டில் ஒரு மாற்றி பிளக்கைச் செருகி ஹீட்டரைப் போட்டால் பாயிண்ட் கருகும், கம்பியின் உறை உருகும், சில வேளைகளில் ஹீட்டரும் போகும். பாயிண்ட் குடியிருப்பவர் பட்டியலில், கம்பி வீட்டுக்காரர் பட்டியலில், ஹீட்டர் மீண்டும் குடியிருப்பவர் பட்டியலில் என்று ஒரே பழுதை அட்டவணை மூன்றாகப் பிரித்துவிடுகிறது. இங்கே பொருளைப் பார்த்து முடிவுசெய்வதைவிடக் காரணத்தைப் பார்த்து முடிவுசெய்வதே சரி. ஹீட்டர் பொருத்திய வீடு என்று சொல்லி வாடகைக்கு விட்டவர் அதைத் தாங்கும் வயரிங்கையும் தரக் கடமைப்பட்டவர். கம்பி தாங்காததால் கருகிய பாயிண்ட் அவருடைய பழுதே. தாமே வாங்கி வந்த ஹீட்டரையோ ஏசியையோ வீட்டுக்காரரிடம் சொல்லாமல் அந்தப் பாயிண்ட்டில் மாட்டியவர் வயரிங் சேதத்துக்கும் பொறுப்பாவார். எர்த் சரியில்லாத பழைய வயரிங்கில் இந்த வேறுபாடு பணத்தோடு நிற்பதில்லை, உயிரோடு தொடர்புடையது என்பதால், ஷாக் அடிக்கிறது என்று ஒருமுறை சொல்லப்பட்ட பின் யார் செலவு என்ற பேச்சு முடியும்வரை அதை அப்படியே விட்டுவைக்க இருதரப்புக்கும் உரிமை இல்லை.

இப்பகுதியில் பூசலுக்கு அதிகம் இடம் தரக்கூடியது தண்ணீர் மோட்டார். அட்டவணையின் இரு பகுதிகளிலும் மோட்டார் என்ற சொல்லே இல்லை. மின்சாதனம் என்ற பொது வரிக்குள் அதைத் தள்ளி, காயில் கட்டும் செலவைக் குடியிருப்பவரிடம் கேட்பவர்கள் உண்டு. ஆனால் அதே சட்டம் தண்ணீர், மின்சாரம், பொது வழியின் விளக்கு, துப்புரவு ஆகியவற்றை இன்றியமையாச் சேவைகள் என்று பெயரிட்டு, அவற்றை வீட்டுக்காரர் நிறுத்திவைக்கக் கூடாது என்றும், நிறுத்தினால் வாடகை அதிகாரி உடனடி இடைக்கால ஆணையால் மீட்டுத்தரலாம் என்றும் கூறுகிறது. கிணற்றிலிருந்தோ ஆழ்துளையிலிருந்தோ மோட்டார் ஏற்றினால்தான் தண்ணீர் வரும் வீட்டில், மோட்டாரே தண்ணீர். அதைப் பழுதாக விட்டுவைப்பதும் தண்ணீரை நிறுத்துவதும் விளைவில் ஒன்றே. எனவே மோட்டாரை வீட்டின் நிலையான உறுப்பாகக் கொண்டு வீட்டுக்காரர் பொறுப்பில் வைப்பதே சட்டத்தின் நோக்கத்துக்கு இசைந்தது. விதிவிலக்கு ஒன்று உண்டு: கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதைப் பார்க்காமல் மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீரின்றிச் சுற்றியே காயில் எரிந்ததென்றால் அது கவனக்குறைவு, குடியிருப்பவர் கவனக்குறைவால் சேதம் விளைவிக்கக் கூடாது என்பதும் சட்டத்தில் உள்ள கடமைதான். எரிந்த காயிலைப் பிரித்துப் பார்க்கும் ரீவைண்டிங் கடைக்காரர் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடுவார். கண்டன்சர் போனதா, பேரிங் தேய்ந்ததா, தண்ணீரின்றி ஓடியதா என்று அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால், பின்னால் வரும் வாதங்களில் பாதி எழாமலே போகும். ஒரு வளவில் மூன்று குடித்தனங்கள் ஒரே மோட்டாரைப் பயன்படுத்தும்போது, பொதுவசதியின் பொறுப்பு ஒப்பந்தத்தில் உள்ளபடி என்று சட்டம் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் அது எழுதப்படாவிட்டால் சட்டத்திலும் விடை இல்லை.

குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி போன்ற நகர்த்தக்கூடிய பொருள்கள் வேறு வகை. கட்டடத்தை நன்கு அனுபவிக்கப் பொருத்தப்பட்டவை என்ற இப்போதைய சட்டத்தின் வரையறைக்குள் இவை எளிதில் அடங்கா. இவற்றுக்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே பொருத்தமான வழிகாட்டி. ஒருவர் தம் பொருளைப் பயன்பாட்டுக்காக மற்றொருவர் கையில் கொடுத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பெறும் உறவை அச்சட்டம் ஒப்படைப்பு என்று தனியே வகுத்திருக்கிறது. வாடகை பெற்றுக்கொண்டு பொருளை ஒப்படைத்தவர், அதிலுள்ள குறை தமக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாதிருந்தாலும் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார். பெற்றுக்கொண்டவர், அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமாக வைத்திருப்பாரோ அவ்வளவு கவனத்தோடு வைத்திருந்தால், தனி ஒப்பந்தம் இல்லாதபோது, அதன் அழிவுக்குப் பொறுப்பாகார். அறைகலனோடு கூடிய வீடு என்று கூடுதல் வாடகை வாங்கும் இடத்தில் இந்த நெறி நேராகப் பொருந்துகிறது. தெருவில் நியூட்ரல் துண்டாகி மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் எரிந்தால், யார் தவறும் இல்லாத அந்த இழப்பு பொருளுக்கு உரியவரையே சேரும். பழையது சும்மா கிடக்கிறது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடகையில் சேர்க்காமல் விட்டுப்போன பொருளுக்கு இவ்வளவு பொறுப்பை வீட்டுக்காரர்மேல் ஏற்ற முடியாது. இரண்டுக்குமுள்ள வேறுபாடு வாடகைத் தொகையில் மறைந்துகிடப்பதால், எது எந்த வகை என்று ஒப்பந்தத்தில் எழுதுவது தேவையாகிறது.

வீட்டுக்காரருக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பகுதியில் வீட்டை வாடகைக்கு விடுவோர் அனைவரும் செல்வர் அல்லர். ஓய்வூதியத்தோடு ஒரு போர்ஷன் வாடகையை நம்பி வாழ்பவருக்கு ஒரு புதிய மோட்டாரின் விலை பெருஞ்சுமை. எனினும் வருமான வரிச் சட்டம் வீட்டு வாடகை வருமானத்தின் நிகரத் தொகையில் 30 விழுக்காட்டை, உண்மையில் செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. பழுதும் பராமரிப்பும் உரிமையாளர் செலவு என்ற எண்ணம் அந்தக் கழிவின் பின்னே இருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்டு பழுதைக் குடியிருப்பவரிடம் தள்ளுவது பொருந்தாத நடத்தை.

மறுக்கப்பட்ட பழுதுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் காட்டும் வழிகள் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியைவிட விரைவானவை. வீட்டுக்காரர் தம் பங்கைச் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் தாமே செய்து, அத்தொகையை வாடகையில் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் பிடித்தம் அம்மாத வாடகையில் பாதிக்கு மேற்படக் கூடாது. மாத வாடகை 8,000 ரூபாய், மோட்டார் வேலைக்கு ஆன செலவு 6,000 ரூபாய் என்று கொண்டால், முதல் மாதம் 4,000, அடுத்த மாதம் 2,000 என்றே கழிக்க முடியும். குடியிருப்பவர் தம் பங்கைச் செய்யாவிட்டால் வீட்டுக்காரர் செய்து முன்பணத்தில் பிடிக்கலாம். குறைந்த முன்பணத்தைக் குடியிருப்பவர் ஒரு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும். எழுத்தில் கேட்டும் பழுது பார்க்கப்படாமல் வீடு குடியிருக்கத் தகாத நிலையை அடைந்தால், 15 நாள் எழுத்து அறிவிப்போடு வீட்டை விட்டுப் போகவோ வாடகை நீதிமன்றத்தை அணுகவோ உரிமை உண்டு. இம்மூன்றிலும் எழுத்து இருப்பது நல்லது. வாயால் நாலுமுறை சொன்னேன் என்பது உண்மையாகவே இருந்தாலும் அதைக் காட்ட வழியில்லை. வாட்ஸ்அப்பில் பழுதின் படத்தோடு தேதியிட்டு அனுப்பிய ஒரு செய்தி அந்த நாலு வாய்ச்சொல்லைவிடப் பயன்தரும்.

இந்த வழிகள் ஒத்தி வீட்டில் செல்லுபடியாவதில்லை என்பது தென்மாவட்டங்களில் பலருக்கும் பிந்தித் தெரியும் செய்தி. சென்னையில் லீஸ் என்றும் இங்கே ஒத்தி என்றும் சொல்லப்படும் முறையில், குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையை முழுதாகத் திரும்பப் பெறுகிறார். தொகைக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. வாடகையே இல்லாத இடத்தில் எதில் பாதியைப் பிடிப்பது? சொத்து மாற்றுச் சட்டத்தின் கண்ணில் இது அனுபவ அடமானத்துக்கு நெருங்கியது. அடமானச் சொத்தின் வருவாயைக் கொண்டு தேவையான பழுதைப் பார்க்க வேண்டும் என்ற கடமையை அச்சட்டம் அனுபவிப்பவர்மேல் வைத்துவிட்டு, அனுபவமே வட்டிக்கு ஈடு என்று பேசிக்கொண்ட இடத்தில் அக்கடமையை நீக்கியும் விடுகிறது. இதனால் ஒத்தி வீட்டில் மோட்டார் எரிந்தால் இரு பக்கத்தையும் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. ஒத்தி எழுதும்போதே பழுதுச் செலவை யார் ஏற்பது, ஏற்றவருக்கு எப்படித் திரும்பும் என்று எழுதாமல் விடுவது, முழுத்தொகையும் அடுத்தவர் கையில் இருக்கும் குடியிருப்பவருக்கே தீங்காக முடியும்.

வெளியூரில் வாழும் வீட்டுக்காரர்களைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொத்து மேலாளர் என்ற ஒருவரை ஏற்கிறது. வீட்டுக்காரரின் சார்பில் வாடகை வாங்கவும், வீட்டைப் பார்வையிடவும், அவசியப் பழுதுகளைச் செய்விக்கவும் அதிகாரம் பெற்றவர் அவர். அவர் யார் என்பதைக் குடியிருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். சாவி வைத்திருக்கும் உறவினரோ காவல்காரரோ இப்போது செய்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான், அதிகாரம் மட்டும் இல்லாமல். பிளம்பரைக் கூப்பிட அவரால் முடியும், பிளம்பருக்குப் பணம் கொடுக்க முடியாது. கோலாலம்பூரிலிருக்கும் மூத்தவரிடம் கேட்டால், சென்னையிலிருக்கும் இளையவர் பங்கும் அதில் உண்டு என்ற பதில் வரும். பங்காளிகள் ஒன்றுகூடி, குறித்த தொகைவரை தங்களைக் கேளாமலே செலவழிக்க ஊரிலுள்ள ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுப்பது அவர்கள் வீட்டுக்கும் நல்லது. இரண்டு மாதம் ஒழுகிய குழாய், மோட்டாரின் விலையைவிட அதிகச் சேதத்தைச் சுண்ணாம்புச் சுவருக்கு விளைவிக்கும். பழுது பார்க்க உள்ளே வருவதற்கும் 24 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும் என்று சட்டம் கூறுவது, பூட்டிய வீட்டுக்குச் சொல்லாமல் சென்று பழகிய சாவிக்காரர்கள் புதிதாகக் கற்க வேண்டிய ஒழுங்கு.

பிற நாடுகள் இதே கேள்வியைப் பலவிதமாகத் தீர்த்திருக்கின்றன. இங்கிலாந்தின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் ஆகியவற்றை வழங்கும் அமைப்புகளையும், வீட்டையும் தண்ணீரையும் சூடாக்கும் அமைப்புகளையும் பழுதின்றி வைக்கும் கடமையை வீட்டுக்காரர்மேல் வைத்து, அவ்வழங்கலைப் பயன்படுத்தும் ஏனைய சாதனங்களை அதிலிருந்து விலக்குகிறது. வெந்நீர்ச் சாதனம் அங்கே வீட்டுக்காரர் பக்கத்திலும் இங்கே குடியிருப்பவர் பக்கத்திலும் நிற்பதைக் காணலாம். கலிஃபோர்னியா 2026 ஜனவரி 1 முதல் எழுதப்படும் ஒப்பந்தங்களில் இயங்கும் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும் இருப்பதைக் குடியிருக்கத்தக்க வீட்டின் இலக்கணத்திலேயே சேர்த்துவிட்டது. ஜெர்மனியில் பராமரிப்பு வீட்டுக்காரர் கடமையாக இருப்பினும், சிறு பழுதுகளை ஒரு வரம்புவரை குடியிருப்பவர் ஏற்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தங்களில் இடம்பெறுகிறது. செட்டிநாட்டுக்கு மிக நெருங்கியது சிங்கப்பூர் வழக்கம்: குடிவந்த முதல் 30 நாளில் தெரியவரும் பழுது முழுவதும் வீட்டுக்காரருக்கு, பின்னர் ஒவ்வொரு பழுதிலும் குறித்த ஒரு தொகைவரை குடியிருப்பவருக்கு, அதற்கு மேற்பட்டது வீட்டுக்காரருக்கு, ஏசியின் காலமுறைச் சுத்தம் குடியிருப்பவருக்கு என்று அங்கே ஒப்பந்தங்களில் எழுதிக்கொள்கிறார்கள். சின்னச் செலவு, பெரிய செலவு என்ற நம் ஊர்ப் பேச்சுக்கு ஓர் எண்ணைக் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு கோட்டையூர் வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது.

இங்கே நடப்பதோ, பதிவைத் தவிர்ப்பதற்காக 11 மாதத்துக்கு என்று முத்திரைத்தாளில் எழுதும் பழக்கமே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு வேண்டும் என்ற பழைய விதியிலிருந்து பிறந்த பழக்கம் அது. இப்போதைய சட்டம் காலம் எதுவானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவைக் கேட்கிறது. அந்தத் தாள்களில் வாடகையும் முன்பணமும் இருக்கும். சாதனங்களைப் பற்றி, நல்ல நிலையில் உள்ளன என்ற ஒரு வரிக்கு மேல் இருக்காது. நகரத்தார் சமூகம் திருமணத்துக்கு இசைகுடிமானம் என்ற உடன்படிக்கையை எழுதிய சமூகம். சீர் சாமான்களைக் கணக்கெழுதி, பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுத்த சமூகம். கோட்டையூரிலேயே ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு அழைப்பிதழ், துண்டறிக்கை போன்ற சிறு தாள்களையும் விடாமல் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமானது. எழுதிவைக்கும் மரபு இவ்வளவு ஆழமாக உள்ள மண்ணில் வாடகை வீட்டுச் சாமான் மட்டும் எழுதப்படாமல் கைமாறுவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அப்படி எழுதப்படும் பட்டியலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் வாங்கிய ஆண்டு, குடிவரும் நாளில் ஓட்டிப் பார்த்த நிலை, வாரண்டி எஞ்சியிருந்தால் பில்லின் நகல், வாடகையில் சேர்ந்ததா சும்மா விடப்பட்டதா என்ற குறிப்பு ஆகியவை இருந்தால், மேலே எழுந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிலேயே விடை கிடைக்கும். வாங்கிய ஆண்டு தெரிந்தால் தேய்மானத்தைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பில் நகல் கையிலிருந்தால் சென்னையிலிருக்கும் உரிமையாளரை எதிர்பாராமல் சர்வீஸ் மையத்தை அழைக்கலாம். அதனோடு, ஒரு பழுதுக்கு இன்ன தொகைவரை குடியிருப்பவர், மேற்பட்டதும் ஆயுள் முடிந்து மாற்றுவதும் வீட்டுக்காரர், மோட்டாரும் வயரிங்கும் எத்தொகையானாலும் வீட்டுக்காரர், தண்ணீர் நின்றால் தகவல் கொடுத்து 24 மணி நேரத்தில் ஆள் வராவிட்டால் குடியிருப்பவரே செய்வித்துப் பில்லைக் கொடுக்கலாம் என்ற நான்கு வரிகளைச் சேர்க்கலாம். ஒப்பந்தத்தில் மாறாக எழுதியிருந்தாலும் என்று தொடங்கி ஒப்பந்தத்தில் உள்ளபடி என்று முடியும் 15ஆவது பிரிவின் வாசகம் இத்தகைய வரிகளுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பதில் ஐயம் எழலாம். பராமரிக்கும் கடமையை ஒப்பந்தத்தால் கைவிட முடியாது, கடமையை யார் யாருக்குப் பிரிப்பது என்பதை ஒப்பந்தத்தால் தீர்மானிக்கலாம் என்று படித்தால் இரண்டு பகுதியும் முரணின்றி நிற்கும். கோட்டையூர் வளவுகளில் மூன்று குடித்தனத்துக்குப் பொதுவான மோட்டாருக்கு மட்டும் ஐந்தாவதாக ஒரு வரி வேண்டும்: எந்தக் குடித்தனம் எந்நேரம் மோட்டார் போடுவது, மின்கட்டணம் எந்த மீட்டரில் ஏறுவது, ஓடும்போது யார் கவனிப்பது என்பதை மூவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.